கூடி எழுதுவதன் பலனும் விலையும்

1907 ஜூன் 19 அன்று சென்னை இராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' வார இதழ் வெளிவரத் தொடங்கியது. அயோத்திதாசப் பண்டிதரின் அந்த இதழுக்குத் தோள்கொடுத்த ஊர்களில் கோலார் தங்கவயல் முக்கியமானது. அங்குள்ள மாரிக்குப்பத்தில் அவருடைய சாக்கிய பௌத்த சங்கத்துக்குக் கிளை இருந்தது. 1914-இல் அவர் மறைந்த பிறகு அவருடைய எழுத்துகளை நூல்களாக அச்சிட்டுக் காப்பாற்றியதில் சாம்பியன் ரீஃப் சித்தார்த்த புத்தகசாலைக்குப் பெரும் பங்கு உண்டு. நின்றுபோன இதழை 1920களின் நடுவில் மீண்டும் தொடங்கித் தங்கவயலிலிருந்தே நடத்தினார் ஜி. அப்பாதுரையார். பூமிக்கடியில் ஷிஃப்ட் முடித்து லைன் வீடுகளுக்குத் திரும்பிய தொழிலாளர்களின் ஊர், தமிழின் முக்கியமான சிந்தனை இதழ் ஒன்றுக்கு வாசகனாகவும் புரவலனாகவும் பதிப்பாளனாகவும் இருந்தது.

எழுத்துப் பட்டறை என்ற பெயர் அன்று புழக்கத்தில் இல்லை. ஆனாலும் ஒரு பட்டறை செய்யவேண்டிய வேலைகளில் பாதியை இந்த வட்டம் செய்தது. கூடிப் படித்தார்கள். ஐயம் எழுந்தால் இதழுக்கு எழுதினார்கள். விடை அச்சில் வந்தது. அதை வைத்து மறுபடியும் பேசினார்கள். பள்ளிக்கூடம் வெளியே நிறுத்திய மனிதர்களுக்குத் தங்கள் கேள்வி அச்செழுத்தாகத் திரும்பி வருவதைப் பார்ப்பதே ஒரு பயிற்சிதான். மறுபாதி, அதாவது ஒருவர் தன் வாழ்க்கையை எழுதி, அதைப் பிறர் படித்து, அவர் மறுபடி எழுதும் வேலை, அந்த இதழின் நோக்கத்தில் இல்லை. சமயம், வரலாறு, சாதி பற்றிய வாதங்களே அதன் பக்கங்களைப் பெரிதும் நிறைத்தன.

இன்று தமிழில் பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை. பதிப்பகங்கள் நடத்துகின்றன, கல்லூரிகள் நடத்துகின்றன, வாசகர் அமைப்புகள் நடத்துகின்றன, ஜூம் வழியாகவும் நடக்கின்றன. பலவற்றின் அமைப்பு ஒன்றுதான்: காலையில் அறிமுகம், நடுவில் இரண்டு உரைகள், மதியம் சாப்பாடு, மாலையில் சான்றிதழும் குழுப்படமும். இன்னொரு வகை அமைதியாக வளர்கிறது. ஐந்தாறு பேர் மாதந்தோறும் கூடுகிறார்கள். ஒருவர் எழுதியதை மற்றவர்கள் காயப்படுத்தாமல் படித்துக் கருத்துச் சொல்கிறார்கள். இந்த இரண்டாம் வகை எழுத்தை உண்மையிலேயே மேம்படுத்துகிறதா, எழுதுபவரின் மனத்தை மட்டும் மகிழ்விக்கிறதா என்பதைச் சற்று நிதானமாகப் பார்க்கலாம்.

முதலில் வரவைக் கணக்கிடுவோம். குழுவால் ஒருவருக்கு நடையையோ கற்பனையையோ புகட்ட முடியாது. அது உறுதியாகத் தரக்கூடியவை இரண்டு: படிக்க ஓர் ஆள், முடிக்க ஒரு நாள்.

படிக்க ஓர் ஆள் கிடைத்தால் என்ன நடக்கும் என்பதற்குத் தமிழில் இடைசெவலைவிடச் சிறந்த சான்று இல்லை. கோவில்பட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் அந்தச் சிற்றூரில் கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும் சிறுவயதுத் தோழர்கள். கி.ரா.வுக்குப் பள்ளிப்படிப்பு அதிகம் இல்லை. இசையும் புத்தகமும் பேச்சும் இருவருக்கும் பொது. பிற்காலத்தில் அழகிரிசாமி கி.ரா.வுக்கு எழுதிய கடிதங்கள் தனி நூலாகவே வந்தன. 'அன்பளிப்பு' தொகுப்புக்காக அழகிரிசாமிக்கு அவர் மறைவுக்குப்பின் 1970-இல் சாகித்திய அகாதெமி விருது. 'கோபல்லபுரத்து மக்கள்' நாவலுக்காக கி.ரா.வுக்கு 1991-இல் அதே விருது. இரண்டே பேர் கொண்ட குழுவின் விளைச்சல் இது. ஒருவர் எழுதுவதை இன்னொருவர் ஆவலோடு எதிர்பார்த்தார் என்பதைத் தவிர அங்கே பாடத்திட்டம் எதுவும் இருந்ததில்லை.

முடிக்க ஒரு நாள் என்பதன் பயனை மலாயாவும் சிங்கப்பூரும் காட்டின. 1950 வாக்கில் 'தமிழ் நேசன்' நாளிதழில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் நடத்திய 'கதை வகுப்பு' மலேசியத் தமிழ் இலக்கிய வரலாற்றில் இன்றும் பேசப்படுகிறது. நாளிதழில் பாடம் வரும். வாசகர் எழுதி அனுப்புவார். தேறியவர் எழுத்தாளராக ஊக்கம் பெறுவார். 1952-இல் அங்கே சென்று அதே நாளிதழின் ஆசிரியப் பொறுப்பேற்ற அழகிரிசாமி, எழுதுவோரைக் கூட்டி இலக்கிய வட்டம் நடத்தினார். இடைசெவலில் தோழனோடு செய்ததை அவர் கோலாலம்பூரில் ஒரு கூட்டத்தோடு செய்தார் என்று சொல்லலாம். சிங்கப்பூர்த் தமிழ் எழுத்தாளர் கழகத்தின் மாதாந்திரக் கதைக்களமும் இந்த மரபில் வருவதுதான். தொடக்க வரியைக் கொடுத்துவிட்டு அதிலிருந்து கதை எழுதச் சொல்வது அங்கே வழக்கம். கொடுத்த வரியிலிருந்து எழுதும் கதை காலத்தை வெல்லும் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் அந்த மாதம் ஒரு கதை முடிந்திருக்கும். தொடங்கியதை முடிக்காமலே பழகியவருக்கு அது சிறிய விஷயம் இல்லை.

ஆதரவான குழுவின் உச்சப் பயனைப் பார்க்க வேண்டுமானால் நாமக்கல்லுக்குப் போக வேண்டும். கல்லூரித் தமிழாசிரியராக இருந்த பெருமாள்முருகன் தன் மாணவர்களோடு நடத்திய 'கூடு' ஆய்வுச் சந்திப்பில், சாதியை அவரவர் எப்படி அனுபவித்தார்கள் என்பது பற்றிய கட்டுரைகள் எழுதி வாசிக்கப்பட்டன. அவை 2013-இல் 'சாதியும் நானும்' என்ற நூலாயின. எழுதியவர்களில் மிகப் பலர் எழுத்தாளர்கள் அல்லர். சிற்றூர்களிலிருந்து கல்லூரிக்கு வந்த முதல் தலைமுறையினர். சாதியால் அடிபட்டவர்கள் மட்டுமல்லாமல், தம் வீட்டார் பிறரை எப்படி நடத்தினார்கள் என்று ஒப்புக்கொண்டவர்களும் அதில் எழுதியிருந்தார்கள். தனியறையில் உட்கார்ந்து எழுதியிருந்தால் இப்படி எழுதியிருப்பார்களா என்பது ஐயம். பக்கத்தில் இருப்பவன் தன் அவமானத்தை வாசித்த பிறகுதான் அடுத்தவனுக்கு வாய் திறக்கிறது. அம்பை என்று அறியப்படும் சி.எஸ். லட்சுமியின் மொழிபெயர்ப்பில் அந்த நூல் பின்னர் ஆங்கிலத்துக்கும் போனது. குழு தரும் துணிச்சல் எழுத்தின் தரத்தையே மாற்றக்கூடியது என்பதற்கு இந்த நூல் சாட்சி.

இந்த ஆதரவு முறைக்கு எதிர்முனையில் நிற்பது அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் 1936-இல் தொடங்கிய எழுத்துப் பட்டறை. உலகெங்கும் படைப்பெழுத்துத் துறைகள் பின்பற்றிய முறை அங்கே வேரூன்றியது: எழுதியவர் வாய்மூடி உட்கார வேண்டும், மற்றவர்கள் அவர் பிரதியை அலச வேண்டும். சுயமோகத்தை உடைக்க இது நல்ல மருந்துதான். ஃப்ளானரி ஓ'கானர் அங்கே படித்தவர். ஆனால் அறையில் இருப்பவர்களின் வாழ்க்கையும் எழுதியவரின் வாழ்க்கையும் வெகுதூரம் விலகியிருந்தால் அந்த மௌனமே தண்டனை. சிகாகோவின் மெக்சிகக் குடும்பத்திலிருந்து 1970களின் பிற்பகுதியில் அங்கே போன சான்ட்ரா சிஸ்னெரோஸ் இதை அனுபவித்தார். வீடு என்னும் இடத்தின் அழகியல் பற்றி வகுப்பில் பேசியபோது, சக மாணவர்கள் சொன்ன வீடு தனக்குத் தெரிந்த வீடே இல்லை என்று உணர்ந்தார். அந்த அந்நியத்திலிருந்து பிறந்ததுதான் 1984-இல் வந்த அவருடைய 'தி ஹவுஸ் ஆன் மேங்கோ ஸ்ட்ரீட்'. பட்டறை அவருக்கு உதவியது. அது உதவ நினைத்த விதத்தில் உதவவில்லை. அதே அறையில் மனம் ஒடிந்து எழுதுவதையே விட்டவர்களைப் பற்றி எந்த வரலாறும் பேசப்போவதில்லை.

இதற்கு மாற்றாகப் பீட்டர் எல்போ 1973-இல் 'ரைட்டிங் வித்தவுட் டீச்சர்ஸ்' நூலில் ஆசிரியரே இல்லாத வகுப்பை முன்வைத்தார். அதே ஆட்கள் வாரந்தோறும் கூட வேண்டும். பிரதி நல்லதா கெட்டதா என்று தீர்ப்புச் சொல்லக் கூடாது. எந்த வரி மனத்தில் தங்கியது, எந்த இடத்தில் கவனம் நழுவியது, படிக்கும்போது என்ன தோன்றியது என்று மட்டும் சொல்ல வேண்டும். எழுதியவர் கேட்டுக்கொள்ள வேண்டும், வாதாடக் கூடாது. நடனக் கலைஞர் லிஸ் லெர்மன் 1990 வாக்கில் வகுத்த முறை இன்னும் நுணுக்கமானது: முதலில் எது தன்னைத் தொட்டது என்று பார்வையாளர் சொல்ல வேண்டும், அடுத்துப் படைத்தவர் கேள்வி கேட்பார், பிறகு பார்வையாளர் உள்நோக்கமில்லாத கேள்விகளைக் கேட்கலாம், சொந்த அபிப்பிராயத்தை, படைத்தவர் அனுமதித்தால் மட்டும், கடைசியில் சொல்லலாம்.

இந்த முறைகளின் வலிமை அவற்றின் கனிவில் இருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். அவற்றின் கண்டிப்பையே வலிமை என்று சொல்ல வேண்டும். 'அருமை', 'மனத்தைப் பிசைந்துவிட்டது', 'தொடர்ந்து எழுதுங்கள்' என்பவற்றுக்கு எல்போவின் வகுப்பில் இடமில்லை. மூன்றாம் பக்கத்தில் அம்மா வந்ததும் கதை நின்றுவிட்டது என்பது செய்தி. அதை வைத்து மறுபடி எழுதலாம். 'அருமை' என்பதை வைத்து எதையும் செய்ய முடியாது.

தமிழ்ச் சூழலில் ஆதரவுக் குழுக்கள் முதலில் தடுக்கி விழும் இடம் இதுதான். முகத்துக்கு நேரே குறை சொல்வது நமக்கு மரியாதைக் குறைவு. வயதில் மூத்தவர் கவிதை வாசித்தால் இளையவர் தலையாட்டுவார். ஒருவர் நூலுக்கு இன்னொருவர் அணிந்துரை எழுத, அவர் நூலை இவர் வெளியிட, பாராட்டு சுற்றி வந்துகொண்டே இருக்கும். கூட்டம் நடக்கும், நட்பு வளரும், எழுத்து அங்கேயே நிற்கும். மொய் எழுதுவது போல இன்று வைத்த பாராட்டு நாளை திரும்பி வரும் என்ற கணக்கு உள்ளே நுழைந்துவிட்டால், அந்தக் குழுவைப் பட்டறை என்று அழைப்பதில் பொருளில்லை.

இரண்டாவது குறை, மையத்தில் ஒரு பேராளுமை அமர்வது. நாகர்கோவிலில் சுந்தர ராமசாமி நடத்திய 'காகங்கள்' சந்திப்பு தமிழின் குறிப்பிடத்தக்க இலக்கியக் கூடுகைகளில் ஒன்று. அவருடைய உரையாடலில் பட்டை தீட்டப்பட்ட எழுத்தாளர்கள் பலர். 2005-இல் அவர் மறைந்தபின் ஜெயமோகன் எழுதிய 'சு.ரா: நினைவின் நதியில்', அந்த உறவின் நெருக்கத்தையும் முரணையும் சேர்த்தே பேசுகிறது. ஜெயமோகன் வேறு திசையில் போகும் தெம்பு உள்ளவர், போனார். அந்தத் தெம்பு எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. ஆசானின் வாக்கிய அமைப்பு, ஆசானின் விருப்பு வெறுப்பு, ஆசானின் எதிரிகள் என்று எல்லாவற்றையும் வரித்துக்கொண்டவர்கள் ஒவ்வொரு இலக்கிய வட்டத்திலும் உண்டு. அங்கே ஆதரவு என்பது அணி சேர்வதாகிவிடுகிறது.

மூன்றாவது குற்றச்சாட்டு, குழு எல்லோரையும் ஒரே மாதிரி எழுதவைக்கும் என்பது. இது பாதிதான் உண்மை. கோவில்பட்டியில் 1970களின் இறுதியிலும் 1980களிலும் தெருவிலும் டீக்கடையிலும் பேசிப் பேசி வளர்ந்த இளைஞர் கூட்டத்தைப் பாருங்கள். தேவதச்சன், கோணங்கி, ச. தமிழ்ச்செல்வன், உதயசங்கர், சோ. தருமன் என்று நீளும் பட்டியலில் ஒருவர் எழுத்து இன்னொருவர் எழுத்தைப் போல இல்லை. கோணங்கியும் தமிழ்ச்செல்வனும் உடன்பிறந்தவர்கள். ஒருவர் உரைநடையைக் கனவு மொழிக்கு இழுத்துச் சென்றார்; மற்றவர் எளிய மனிதர்களை எளிய சொற்களில் எழுதினார். ஒரே வீடு, ஒரே ஊர், ஒரே நண்பர் கூட்டம். ஒற்றை ஆசான் இல்லாமல், பல தரப்பட்ட வாசிப்போடு, முடிவில்லாமல் சண்டை போட்டுக்கொண்ட குழு அது. வேறுபாட்டைக் காப்பாற்றியது அந்தச் சண்டைதான்.

குழுவால் தீர்க்க முடியாத சிக்கலும் ஒன்று உண்டு. 1992-இல் பாமாவின் தன்வரலாற்று நூலான 'கருக்கு' வந்தபோது அதன் பேச்சுமொழி பலருக்கு உறுத்தியது. பட்டறையில் அந்தப் பிரதி சுற்றுக்கு விடப்பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? இலக்கணம் தெரிந்த ஒருவர் வாக்கியங்களைச் சீர்செய்திருப்பார். நாவல் வடிவம் தெரிந்த ஒருவர் வரிசையை மாற்றச் சொல்லியிருப்பார். எல்லாம் நல்லெண்ணத்தோடுதான். முடிவில் ஒழுங்கான, உயிரற்ற புத்தகம் ஒன்று கிடைத்திருக்கும். நூல் வெளிவந்த பின் சொந்த ஊர்க்காரர்களின் கோபத்தையும் பாமா எதிர்கொள்ள நேர்ந்தது. தெரிந்த மனிதர்களை எழுதுவதன் விலை அது. பட்டறைகள் வரியைப் பற்றிப் பேசும் அளவுக்கு இந்த விலையைப் பற்றிப் பேசுவதில்லை.

இத்தனையையும் தங்கவயலில் வைத்துப் பார்த்தால் கேள்வி கூர்மையாகிறது. 1880-இல் ஜான் டெய்லர் நிறுவனம் தொடங்கிய சுரங்கத் தொழில் 2001 பிப்ரவரி 28 அன்று நிறுத்தப்பட்டது. நூற்றிருபது ஆண்டுகளில் வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்த குடும்பங்கள் அங்கே தலைமுறைகளைக் கண்டன. 1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. 1930-இல் கைரேகைப் பதிவை எதிர்த்து வேலைநிறுத்தம் நடந்தது. 1946 நவம்பர் 4 அன்று நடந்த துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். பூமிக்கடியில் சுமார் 3 கிலோமீட்டர் ஆழத்தில் ராக் பர்ஸ்ட் எனப்படும் பாறை வெடிப்பு விழுங்கிய உயிர்களும், நுரையீரலில் தூசி படிந்து மெல்லச் செத்தவர்களும் ஏராளம். இவ்வளவுக்கும் வெளியுலகம் இன்று தங்கவயலை அறிவது 2018-இல் வந்த கன்னடப் படத்தின் பெயரால். அந்தக் கதைக்கும் உண்மையான சுரங்கத் தொழிலாளிக்கும் உறவு மிகக் குறைவு. பா. ரஞ்சித்தின் 'தங்கலான்' 2024-இல் சுரங்கத்தின் தொடக்ககாலத்தைத் தொட்டது. ஊர் தன்னைத் தானே எழுதிக்கொள்ளும் வேலை இன்னும் நிறையவே மிச்சமிருக்கிறது.

அந்த வேலைக்குத் தனி எழுத்தாளரைவிடக் குழு பொருத்தம் என்று சொல்ல மூன்று காரணங்கள் உண்டு.

முதலாவது, நினைவு பங்கு பிரிந்து கிடக்கிறது. சாஃப்ட்டுக்குள் இறங்கியவர் ஒருவர், லைன் வீட்டில் கூலியை வைத்துக் குடும்பம் நடத்தியவர் இன்னொருவர், சுரங்கம் மூடியபின் மாரிக்குப்பத்தில் விடியற்காலை ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போகும் பிள்ளை மூன்றாமவர். மூவரும் ஒரே அறையில் உட்கார்ந்தால்தான் கதை முழுமையாகும். இரண்டாவது, மொழி. பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும் படித்து, வீட்டில் தமிழ் பேசி, எழுதும்போது தமிழில் தயங்கும் இளைஞர்களுக்குப் பிழையைப் பார்த்து முகம் சுளிக்காத வாசகர்கள் வேண்டும். மூன்றாவது, சொற்கள். ஆங்கிலம், தமிழ், தெலுங்கு, கன்னடம் கலந்து சுரங்கத்தில் புழங்கிய பேச்சு, பேசியவர்களோடு போய்க்கொண்டிருக்கிறது. கி.ரா. 1982-இல் கரிசல் வட்டாரத்துக்கு வழக்குச் சொல்லகராதி செய்தார். தங்கவயலுக்கு அப்படி ஒன்றைச் செய்ய ஒரு பட்டறைக்கு ஓர் ஆண்டு போதும்.

ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது. சென்னையிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ வரும் பயிற்றுநர் நல்ல தமிழ் எது என்று வரையறுத்துவிட்டால், 'கருக்கு'க்கு நேர்ந்திருக்கக்கூடியது தங்கவயல் பிரதிகளுக்கு நேரும். ஊர் பெருமையை மட்டுமே எழுத வேண்டும் என்று குழு தீர்மானித்தாலும் கேடுதான். குடியும் கந்துவட்டியும் வீட்டுக்குள் விழுந்த அடியும் எழுத்திலிருந்து காணாமல் போகும். ஊர் 'லிட்டில் இங்கிலாந்து' எனப்பட்ட காலத்தைப் பற்றிய ஏக்கக் கதைகள் மட்டும் மிஞ்சும்.

எனவே அங்கே பலன் தரக்கூடிய பட்டறையின் அமைப்பை ஓரளவு சொல்லிவிடலாம். ஆறிலிருந்து பத்துப் பேர், அதே ஆட்கள், மாதம் ஒரு ஞாயிறு, குறைந்தது ஓர் ஆண்டு. வாரநாளில் பெங்களூர் ரயிலைப் பிடிப்பவர்களுக்கு வேறு நாள் தோதுப்படாது. பக்கத்துக் கோலாரில் கோட்டிகானஹள்ளி ராமய்யா உருவாக்கிய 'ஆதிமா' மையம் பௌர்ணமிதோறும் பாட்டும் நாடகமுமாகக் கூடியதற்குப் பலன் இருந்தது. நாள் மாறாத கூட்டத்துக்கு ஆட்கள் தேடி வருவார்கள். எழுத முடியாத முதியவர்கள் சொல்ல, இளையவர்கள் எழுதி, அவர்களுக்கே வாசித்துக் காட்ட வேண்டும். தீர்ப்புக்குப் பதில் எல்போ சொன்னபடி படித்த அனுபவத்தைச் சொல்ல வேண்டும். பிழை திருத்தம் கடைசி வரைவில் மட்டும் போதும், அதிலும் பேச்சுச் சொல்லைத் தொடக்கூடாது. உயிரோடு இருப்பவரை எழுதினால் பெயரை என்ன செய்வது என்று முதல் கூட்டத்திலேயே பேசிவிட வேண்டும். தலைமை சுழற்சியில் வர வேண்டும். சான்றிதழ் வேண்டாம், ஆண்டு முடிவில் அச்சிட்ட ஒரு சிறு நூல் போதும்.

ஆதரவான குழு பற்றிய தீர்ப்பு இவ்வளவுதான்: முதல் வரைவு வரை அதற்கு நிகரில்லை, இரண்டாம் வரைவில் அது நேர்மையாக இருந்தால் பயன்படும், மூன்றாம் வரைவில் எழுதுபவர் அதைவிட்டுத் தனியே போயாக வேண்டும். தங்கவயலுக்கு இப்போது அவசரமாகத் தேவைப்படுவது முதல் வரைவுகள். சுரங்கம் மூடியபோது ஐம்பதைத் தொட்டிருந்தவர்கள் இன்று எழுபதைத் தாண்டிவிட்டார்கள். ராபர்ட்சன்பேட்டையிலோ ஆண்டர்சன்பேட்டையிலோ ஒரு பள்ளி அறையும் மாதம் ஒரு ஞாயிறும் ஒதுக்கக்கூடியவர்கள், நிதியுதவிக்கும் பிரபலங்களின் வருகைக்கும் காத்திராமல் இந்த ஆண்டே தொடங்கிவிட வேண்டும்.